கேபின் பெட்டியின் அளவும் இணைய அறிவுரையின் பிழைகளும்

விமானப் பயணி தம் இருக்கை வரை கையோடு கொண்டுசெல்லும் பெட்டி கேபின் பெட்டி என்றும், விமான நிலையக் கவுன்டரில் ஒப்படைத்து, இறங்கிய பின் பெற்றுக்கொள்ளும் பெட்டி செக்-இன் பெட்டி என்றும் வழங்கப்படுகின்றன. இவற்றுள் முன்னதன் நீளமும் அகலமும் உயரமும் எவ்வளவு இருக்கலாம் என்பது எளிய கேள்வியாகத் தோன்றினாலும், உலகெங்கும் பொருந்தும் ஒரே விடை அதற்கு இதுவரை அமையவில்லை. அமையாத அந்த விடையை அமைந்துவிட்டதுபோல் எடுத்துரைப்பதே இணையத்தில் உலவும் பயண அறிவுரைகள் பலவற்றின் அடிப்படைக் குறை. அளவு விதிகள் எப்படி உருவாயின, அவை ஏன் ஒன்றுபடவில்லை, அறிவுரைகள் எந்தெந்த இடத்தில் வழுக்குகின்றன என்பவற்றை வரிசையாக ஆராயும்போது, பிழை பெரும்பாலும் எண்ணில் இல்லை என்பதும், எண்ணோடு சேர்ந்தே வரவேண்டிய நிபந்தனைகள் வழியில் உதிர்ந்துபோவதிலேயே அது பிறக்கிறது என்பதும் தெளிவாகும்.

விதிகள் வளர்ந்த விதம்

கேபின் பெட்டி இன்று பெற்றிருக்கும் வடிவம் அண்மைக் காலத்தது. அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ பெட்டிக்குச் சக்கரம் பொருத்தும் முறைக்கு 1972-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அது படுக்கைவாட்டில் வார் கட்டி இழுக்கும் பெட்டி. நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் விமானியான ராபர்ட் பிளாத் 1987-இல் இரண்டு சக்கரமும் நீண்டு மடங்கும் கைப்பிடியும் கொண்டு நிமிர்ந்து செல்லும் பெட்டியை உருவாக்கிய பிறகே, இன்று டிராலி என்று அழைக்கப்படும் வகை முதலில் விமான ஊழியர்களிடமும் பின்னர் பொதுமக்களிடமும் பரவியது. துணிப்பையைப் போல் அமுக்கி நுழைக்க முடியாத, விறைப்பான சட்டமுடைய இப்பெட்டி வந்ததும், இருக்கைக்கு மேலுள்ள மூடியிட்ட அடுக்கின் கொள்ளளவு சென்டிமீட்டர் கணக்கில் பேசப்பட வேண்டியதாயிற்று.

அதே 1987-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், ஒவ்வொரு விமான நிறுவனமும் கேபின் சுமைக்கென ஒப்புதல் பெற்ற திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. பெட்டிகள் அடுக்கிலோ இருக்கைக்கடியிலோ நகராமல் அடங்க வேண்டும், அவசர வெளியேற்றத்துக்கு இடையூறாகக் கூடாது என்பதே அவ்விதியின் நோக்கமாதலால், பெட்டியின் அளவை அது எண்ணில் குறிக்கவில்லை. விமானத்துக்கேற்ற அளவை நிறுவனமே வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அமெரிக்க அரசின் கேபின் அளவு என்று சில பக்கங்கள் குறிப்பிடும் 22×14×9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56×36×23 செ.மீ., உண்மையில் அமெரிக்கன், யுனைடெட், டெல்டா ஆகிய நிறுவனங்கள் தத்தமக்கென வைத்துக்கொண்ட அளவேயாகும். சவுத்வெஸ்ட் நிறுவனம் 24×16×10 அங்குலம் வரை அனுமதித்துவந்தது என்பதே அது அரசு அளவு அன்று என்பதற்குப் போதிய சான்று.

பாதுகாப்புக்காகப் பிறந்த அளவு வருவாய்க் கருவியாக மாறியது 2008-க்குப் பிறகு. எரிபொருள் விலை ஏறிய அவ்வாண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் விதிக்க, பிற பெரிய நிறுவனங்கள் பலவும் அவ்வழியில் சென்றன. கட்டணத்தைத் தவிர்க்க விரும்பிய பயணிகள் எல்லாவற்றையும் கேபின் பெட்டியில் திணித்ததால், மேலடுக்குகள் நிரம்பி வழிந்தன. 2010 ஆகஸ்டில் ஸ்பிரிட் நிறுவனம் மேலடுக்கில் வைக்கும் பெட்டிக்கும் கட்டணம் விதித்தது. ஐரோப்பாவில் ரயன்ஏர் நிறுவனம் 2018 நவம்பர் முதல், கூடுதல் தொகை செலுத்தாத பயணி இருக்கைக்கடியில் வைக்கும் 40×20×25 செ.மீ. பையை மட்டுமே கொண்டுவரலாம் என்று வரையறுத்து, 2025 செப்டம்பரில் அதை 40×30×20 ஆக மாற்றியது. கொள்ளளவில் இது 20 லிட்டரிலிருந்து 24 லிட்டராக ஏற்பட்ட உயர்வு. ஓரிரு சென்டிமீட்டர் குறித்த சச்சரவு இன்று இத்தனை கடுமையாக இருப்பதற்குக் காரணம், அந்தச் சென்டிமீட்டருக்கு விலை வந்துவிட்டதே.

கூட்டுத்தொகை ஒன்று, பெட்டிகள் பல

இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளைகுடாவிலும் பயணம் செய்வோர் அடிக்கடி கேட்கும் எண் 115. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வரும் தொகை 115 செ.மீ.க்கு மிகக்கூடாது என்பது அதன் பொருள். 22, 14, 9 ஆகியவற்றைக் கூட்டினால் வரும் 45 அங்குலத்தின் மெட்ரிக் வடிவமே அது. இக்கூட்டுத்தொகை பல நிறுவனங்களுக்குப் பொதுவாக இருப்பதால், ஒன்றில் செல்லும் பெட்டி மற்றொன்றிலும் செல்லும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அம்முடிவு நிற்காது.

இண்டிகோ நிறுவனம் அறிவித்துள்ள அளவு 55×35×25 செ.மீ.; ஏர் இந்தியாவின் எகானமி வகுப்புக்கு 55×40×20; ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு 56×36×23. மூன்றின் கூட்டுத்தொகையும் 115, மூன்றிலும் எடை வரம்பு 7 கிலோ. ஆயினும் ஏர் இந்தியாவின் அளவுக்கு முழுமையாகப் பொருந்தும் பெட்டி இண்டிகோவின் அளவை அகலத்தில் 5 செ.மீ. மீறுகிறது, இண்டிகோவுக்குப் பொருந்தும் பெட்டி ஏர் இந்தியாவின் அளவைத் தடிமனில் அதே 5 செ.மீ. மீறுகிறது. மூன்றிலும் தடையின்றிச் செல்ல வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள மிகச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் கிடைப்பது 55×35×20. இதன் கொள்ளளவு 38.5 லிட்டர், இண்டிகோ அளவின் 48 லிட்டரோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்தப் பொது அளவும் எல்லா இடத்திலும் செல்லாது. கத்தார் ஏர்வேஸ் நீளத்தை 50 செ.மீ.க்குள்ளும், ஸ்கூட் நிறுவனம் 54 செ.மீ.க்குள்ளும் வரையறுத்துள்ளன.

ஜப்பானின் இரு பெரிய நிறுவனங்கள் இரண்டு வரம்புகளையும் ஒருங்கே விதிக்கின்றன. 100 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்களில் பெட்டி 55×40×25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், அதோடு கூட்டுத்தொகை 115-ஐத் தாண்டவும் கூடாது. மேற்கண்ட மூன்று எண்களையும் கூட்டினால் 120 வருவதால், மூன்று பக்கமும் உச்ச அளவைத் தொடும் பெட்டி விதிக்கு உட்படாது. 100 இருக்கைக்குக் குறைவான விமானத்தில் அளவு 45×35×20 ஆகவும் கூட்டுத்தொகை 100 ஆகவும் இறங்கிவிடுகின்றன. பெட்டியின் தகுதியைப் பறக்கும் விமானமும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்பதை இவ்விதி வெளிப்படையாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு நிகரானது, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குச் செல்லும் ஏடிஆர் 72 வகை விமானம். அதன் மேலடுக்கு ஏர்பஸ் 320-இன் அடுக்கைவிடச் சிறியதாகையால், பெரிய விமானத்தில் ஏறிய பெட்டி இதில் படிக்கட்டருகே வாங்கப்பட்டுச் சரக்கறைக்கு அனுப்பப்படுவதுண்டு.

பொது அளவு காணும் முயற்சிகள்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. ஐயாட்டா எனச் சுருக்கி வழங்கப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 2015 ஜூனில், 55×35×20 செ.மீ. அளவுள்ள பெட்டிகளுக்கு ‘கேபின் ஓகே’ என்ற முத்திரை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. 120 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்களில் எல்லாப் பயணிகளின் பெட்டிகளுக்கும் இடம் கிடைக்கும்படி கணக்கிடப்பட்ட உகந்த அளவு அது. உறுப்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் உச்சவரம்பாக அது முன்வைக்கப்படவில்லை. ஆனால் வட அமெரிக்காவில் வெளியான செய்திகள் அதைப் புதிய கட்டாய விதியாகப் புரிந்துகொண்டு, இருக்கும் பெட்டிகளையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டு ஐந்தில் ஒரு பங்கு சிறிய பெட்டிகளை வாங்க நேரும் என்று எழுதின. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே சங்கம் திட்டத்தை நிறுத்திவைத்தது. மேலே மூன்று இந்திய நிறுவனங்களின் அளவுகளிலிருந்து பெறப்பட்ட பொது அளவும் இதே 55×35×20 என்பதைக் காணும்போது, அத்திட்டத்தின் கணக்கு தவறானதன்று என்பதும், பரிந்துரை ஒன்று விதியாகத் திரிந்து பரவியதே அதை வீழ்த்தியது என்பதும் புலப்படும்.

அத்திட்டம் கைவிடப்பட்டாலும் அதன் எண் இணையத்தில் உயிரோடிருக்கிறது. மறுபுறம், ஐயாட்டா பொது வழிகாட்டலாகக் குறிப்பிடும் 56×45×25 செ.மீ. என்ற பெரிய அளவும் ‘உலகத் தர அளவு’ என்ற பெயரில் சுற்றிவருகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற சில நிறுவனங்கள் இதை ஏற்கின்றன என்பது உண்மையே. ஆனால் இதன் கூட்டுத்தொகை 126 என்பதால், இதை நம்பிப் பெட்டி வாங்கும் இந்தியப் பயணி தம் நாட்டு வரம்பைக் கடையிலேயே மீறிவிடுகிறார். ஒரே சங்கத்தின் பெயரால் வழங்கும் இவ்விரு எண்களுக்கும் இடையே கொள்ளளவில் 24 லிட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு.

அரசு விதி, ஒப்பந்தம், வாயில் நடைமுறை

அறிவுரைகளின் குழப்பத்தை அறுத்துப் பார்க்க, கேபின் பெட்டியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக்கொள்வது பயன்தரும். முதலாவது அரசின் பாதுகாப்பு விதி; 100 மி.லி.க்கு மேற்பட்ட திரவத்துக்குத் தடை, பவர் பேங்க் போன்ற தனி மின்கலங்களைச் செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது என்பன இதில் அடங்கும். இரண்டாவது விமான நிறுவனத்தின் பயண ஒப்பந்தம். அளவு, எடை, எண்ணிக்கை ஆகியவை பெரும்பாலும் இதைச் சேர்ந்தவை, கட்டண வகைக்கேற்ப மாறுபவை. மூன்றாவது, விமானம் ஏறும் வாயிலில் நடப்பது. விதி எழுத்தில் என்னவாக இருந்தாலும், எடை பார்க்கப்படுகிறதா, அளவு சோதிக்கும் சட்டகமான அளவுச் சட்டத்தில் பெட்டி வைத்துப் பார்க்கப்படுகிறதா என்பது நிலையத்துக்கு நிலையம், நாளுக்கு நாள் வேறுபடும்.

இவ்வடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துபோவதற்கு இந்தியாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. உள்நாட்டுப் பயணிக்கு ஒரு கைப்பை மட்டுமே என்ற கட்டுப்பாடு, சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2000-இல் வெளியிட்ட சுற்றறிக்கைகளிலேயே இருக்கிறது; 2022 ஜனவரியில் அது மீண்டும் நினைவூட்டப்பட்டது. 2024 இறுதியில் இதுவே ‘புதிய விதி’ என்ற தலைப்பில் பரவியபோது, 2024 மே மாதத் தொடக்கத்துக்கு முன் வாங்கிய டிக்கெட்டுகளுக்கு 8 கிலோ வரை சலுகை உண்டு என்ற வரியும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. அந்த வரி ஏர் இந்தியாவின் டிக்கெட் நிபந்தனையைச் சேர்ந்தது. இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட அரசு விதியும் ஒரு நிறுவனத்தின் வணிக விதியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைக்கப்பட்டதும், வேறு நிறுவனத்தில் டிக்கெட் வாங்கியவரும் அச்சலுகை தமக்கு உண்டென்று எண்ண இடமேற்பட்டது.

கால வரம்புள்ள அனுமதி நிரந்தர விதியாகத் தோன்றுவது மற்றொரு வகைக் கலப்பு. சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியில் வைத்த தேங்காயைக் கேபினில் எடுத்துச் செல்லலாம் என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட சலுகை, 2025 ஜனவரி 20 வரையிலான மண்டல, மகரவிளக்குக் காலத்துக்கு மட்டும் உரியது. அதுவும் எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, நேரடிச் சோதனை ஆகியவற்றுக்கு உட்பட்டது. ‘விமானத்தில் தேங்காய் எடுத்துச் செல்லலாம்’ என்ற தலைப்போடு வெளியான காணொளி, அந்தத் தேதி கழிந்த பின்னும் அதே தலைப்போடு தேடலில் வந்துகொண்டிருக்கும். திரவ விதியிலும் இதுவே நிகழ்ந்தது. புதிய ஸ்கேனர் பொருத்திய பிரிட்டிஷ் நிலையங்கள் சில 100 மி.லி. வரம்பை நீக்கியபின், 2024 ஜூனில் அரசு அவ்வரம்பைத் தற்காலிகமாக மீண்டும் கொண்டுவந்தது. நீக்கத்தைப் பாராட்டி எழுதப்பட்ட அறிவுரைகள் ஒரே நாளில் பொய்யாகின.

அறிவுரை பிழைபடும் இடங்கள்

முதல் பிழை அளக்கும் முறையில் நிகழ்கிறது. விமான நிறுவனங்கள் சக்கரம், கைப்பிடி, வெளிப்பை ஆகியவற்றையும் சேர்த்தே அளக்கின்றன. ஆனால் பெட்டி விற்பவர் குறிப்பிடும் 55 செ.மீ. சில வேளைகளில் உடல் பகுதியின் உயரம் மட்டுமே. சக்கரம் மூன்று நான்கு சென்டிமீட்டர் சேர்க்கும். விரிக்கக்கூடிய ஜிப்பைத் திறந்தால் தடிமனில் மேலும் சில சென்டிமீட்டர் கூடும். 20 செ.மீ. தடிமனுக்காக வாங்கிய பெட்டி, ஜிப் விரிந்த நிலையில் அளவுச் சட்டத்துக்குள் இறங்காமல் நிற்பது இதனால்தான். ‘கேபின் சைஸ்’ என்ற சீட்டு விற்பனையாளரின் கூற்றே தவிர எந்த அதிகார அமைப்பின் சான்றும் அன்று.

இரண்டாவது, அளவைப் பேசி எடையை விட்டுவிடுவது. கேபின் பெட்டிக்கு எடை வரம்பையே குறிப்பிடாத அமெரிக்க நிறுவனங்கள் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 23 கிலோ வரை விடுகிறது. அந்நாடுகளுக்காக எழுதப்பட்ட ‘ஒரே பெட்டியில் பத்து நாள்’ வகை யோசனை தமிழில் மறுபதிப்பாகும்போது, 7 கிலோ வரம்புள்ள பயணிக்கு அது பொருந்தாமல் போகிறது. மூன்று கிலோ எடையுள்ள டிராலியை எடுத்துச் செல்பவருக்குத் துணிமணிக்கு மிஞ்சுவது நான்கு கிலோ. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் சிக்கனக் கட்டண விமானங்களில் செல்லும் தொழிலாளர்க்கும் குடும்பத்தார்க்கும் இங்கே தடையாவது நீளத்தைவிட எடையே. மடிக்கணினி ஏழு கிலோவுக்குள் அடங்குமா, தனிப் பொருளாகக் கணக்கிடப்படுமா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இண்டிகோ 3 கிலோ வரை தனிப்பை அனுமதிக்க, ஏர்ஏசியா இரண்டு பைகளையும் சேர்த்தே 7 கிலோ என்கிறது.

மூன்றாவது, அனுபவத்தை விதியாக்குவது. பெரிய பெட்டியைக் கொண்டுசென்றும் எவரும் தடுக்கவில்லை என்று ஒருவர் எழுதுவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது மூன்றாம் அடுக்கைச் சார்ந்த உண்மை, அன்றைய வாயிலுக்கும் அன்றைய கூட்டத்துக்கும் மட்டும் உரியது. தடுக்கப்படாதவர் பெருமிதத்தோடு எழுதுவதும், தடுக்கப்பட்டவர் பணம் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவதும் இயல்பாதலால், இத்தகைய சாட்சியங்களின் தொகுப்பு ஒருபக்கமாகவே சாயும். எதிர்ப்பக்கத்தில் நிறுவனங்களின் ஊக்கத்தொகை இருக்கிறது. அமெரிக்க செனட் துணைக்குழுவின் 2024 நவம்பர் அறிக்கை, பிரன்டியர், ஸ்பிரிட் ஆகிய இரு நிறுவனங்களும் 2022, 2023 ஆண்டுகளில் விதி மீறிய பெட்டிகளைப் பிடித்த ஊழியர் முதலானோர்க்கு 2.6 கோடி டாலர் வழங்கியதை வெளிக்கொணர்ந்தது. பிடித்தால் பணம் கிடைக்கும் வாயிலில் பழைய அனுபவக் குறிப்பு பயணியைக் காப்பாற்றாது.

நான்காவது, சட்டத்தைப் பாதியாகச் சொல்வது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் வூலிங் விமான நிறுவனம் தொடர்பான வழக்கில், கேபின் சுமை பயணத்தின் இன்றியமையாத பகுதி என்றும், அதற்குத் தனிக்கட்டணம் விதிக்கலாகாது என்றும் கூறியது. ஆனால் எடையும் அளவும் நியாயமான வரம்புக்குள் இருந்தால் என்ற நிபந்தனையோடு. எது நியாயமான அளவு என்பதை அத்தீர்ப்பு வரையறுக்காததால், சண்டை இன்னும் ஓயவில்லை. ஸ்பெயினின் நுகர்வோர் அமைச்சகம் 2024 நவம்பரில் ஐந்து நிறுவனங்களுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது, நிறுவனங்கள் எதிர்த்தன, 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையமோ, நிறுவனங்களின் விலை நிர்ணய உரிமையில் தலையிடுவதாகக் கூறி ஸ்பெயின் மீதே நடவடிக்கை தொடங்கியது. இந்நிலையில், ‘ஐரோப்பாவில் கேபின் பெட்டி இலவசம், பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள்’ என்னும் அறிவுரையை நம்பி வாயிலில் வாதிடுபவர் விமானத்தைத் தவறவிடும் வாய்ப்பே மிகுதி. பணத்தைக் கட்டி ரசீதை வைத்துக்கொண்டு பின்னர் முறையிடுவதே அவருக்கு நடைமுறையில் உள்ள வழி.

ஐந்தாவது, வணிக நலன். பெட்டிகளைப் பரிந்துரைக்கும் பக்கங்கள் பலவற்றில், இணைப்பைச் சொடுக்கி வாசகர் வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதியவருக்குத் தரகு உண்டு. தரகு பெறுவது குற்றமன்று. ஆனால் ‘எல்லா விமானத்துக்கும் பொருந்தும்’ என்ற சொல் விற்பனைக்கு உதவுவதால், நிபந்தனைகளை உதிர்க்கும் தூண்டுதல் அங்கே நிலையாக இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளும், அடுத்த ஆண்டு ஜனவரியில் சமூக ஊடகப் பரிந்துரையாளர்களுக்கென வந்த விளக்கமும், பொருளாதாரத் தொடர்பை வெளிப்படையாக அறிவிக்கக் கோருகின்றன. தொடர்பை அறிவித்துவிட்டு அளவைத் தவறாகச் சொல்பவரை இவை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது வேறு கேள்வி.

பொறுப்பு யாருடையது

விமான நிறுவனமே தன் தளத்தில் தவறான தகவல் தந்தால் பொறுப்பு தெளிவானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில், ஏர் கனடாவின் உரையாடல் மென்பொருள் கட்டணச் சலுகை குறித்துத் தவறாகச் சொன்னதற்கு அந்நிறுவனமே ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மென்பொருள் தனித்துப் பொறுப்பேற்கும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. ஆனால் மூன்றாமவர் எழுதிய கட்டுரையையோ, பல பக்கங்களைப் பிழிந்து தேடுபொறி தரும் சுருக்கத்தையோ காட்டி வாயிலில் எவரும் உரிமை கோர முடியாது. சுருக்கம் என்பதே நிபந்தனைகளைக் கழிக்கும் வேலையாதலால், இவ்வகைத் தகவலுக்கு அது இயல்பிலேயே பொருந்தாத வடிவம்.

தீர்வின் ஒரு பகுதி ஒழுங்குமுறை அமைப்புகளிடம் இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு 2025 ஜூனில், 40×30×15 செ.மீ. தனிப்பையும், கூட்டுத்தொகை 100 செ.மீ.க்கும் எடை 7 கிலோவுக்கும் மிகாத ஒரு சிறு பெட்டியும் கட்டணமின்றி அனுமதிக்கப்பட வேண்டும் என்று வாக்களித்தது. ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றும் அடுத்த மாதமே முதல் அளவை உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்சமாக ஏற்பதாக அறிவித்தது. உச்ச அளவை ஒன்றாக்குவது விமான வகைகளின் வேறுபாட்டால் கடினம். எல்லோரும் ஏற்கும் குறைந்தபட்ச அளவை உறுதிசெய்வது இயலக்கூடியது. இந்தியாவில் 115 என்ற கூட்டுத்தொகை ஏற்கெனவே பொதுவாக இருப்பதால், மூன்று பக்க அளவையும் ஒன்றாக்கி, டிக்கெட்டிலேயே அச்சிடச் செய்வது பெரிய மாற்றமாகாது.

அதுவரை பயணிக்கு உள்ள வழி, எந்த எண்ணையும் நான்கு விவரங்களோடு சேர்த்தே ஏற்பது: எந்த நிறுவனம், எந்தக் கட்டண வகை, எந்த விமானம், எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது. இணைப்பு விமானத்தில் வேறு நிறுவனம் இயக்கும் பகுதி இருந்தால், அதன் விதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். வாயிலில் பெட்டி வாங்கப்பட்டுச் சரக்கறைக்குச் செல்லும் நிலை வந்தால், பவர் பேங்கையும் தனி மின்கலங்களையும் மருந்தையும் ஆவணங்களையும் மறவாமல் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் கூறப்பட்ட அளவுகளும் மாறக்கூடியவையே. ஆகவே பயண நாளுக்கு முன் விமான நிறுவனத்தின் தளத்தில் தம் டிக்கெட்டுக்கு உரிய பக்கத்தைப் படித்து, பொருள்களை அடுக்கிய பின் பெட்டியைச் சக்கரத்தோடும் கைப்பிடியோடும் சேர்த்து ஒருமுறை அளந்து, எடையும் பார்த்துவிடுவதே எந்த அறிவுரையைக் காட்டிலும் நம்பத்தக்கது.